ஜப்பானில் ஏறிய கார் இப்போது எங்கே? கப்பல் சரக்கைத் தேடும் தளங்கள் பற்றிய மதிப்பீடு

2020 மார்ச்சில் மூடப்பட்ட இலங்கையின் தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மறுபடி திறந்தது. அன்றிலிருந்து யோகோஹாமாவிலும் நகோயாவிலும் ஏற்றிய கார்களுக்காகக் காத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். "கப்பல் இப்ப எங்க நிக்குது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதாகக் கூறும் தளங்களும் செயலிகளும் ஏராளம். கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தேடல் பக்கம், உலக வரைபடத்தில் கப்பலைக் காட்டும் தளம், எல்லா நிறுவனங்களையும் ஒரே இடத்தில் தேடித் தரும் தளம், காரை விற்ற ஏற்றுமதியாளரின் பக்கம், இவற்றோடு காருக்குள்ளேயே வைத்து அனுப்பும் ட்ராக்கர் என்று ஐந்து வகை.

இவற்றை இங்கே அளப்பது ஒரே கோலால். துறைமுகத்தில் காரைக் கட்டணமின்றி விட்டுவைக்கக்கூடிய உங்கள் இலவச நாட்கள் எப்போது ஓடத் தொடங்கும் என்பதை எது நேரத்துக்குச் சொல்கிறது? கப்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டுவதைத் திரையில் பார்ப்பது சுவாரஸ்யம்தான், ஆனால் அதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. கார் இறங்கிய பிறகும் காகிதம் கையில் இல்லாமல் கிடந்தால், இலவச நாட்கள் தீர்ந்ததிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

முதலில் எண்கள்

எந்தத் தளமானாலும் சரியான எண்ணைக் கொடுக்காவிட்டால் "பதிவு இல்லை" என்றுதான் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு ஏற்றுமதியாளர் ஏமாற்றிவிட்டார் என்று பதறுபவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு எண்ணில்தான் இருக்கும்.

சரக்கை ஏற்றியதற்குக் கொடுக்கும் பி.எல். (பில் ஒஃப் லேடிங்) என்ற சீட்டின் எண் முதன்மையானது. ஆனால் பி.எல். இரண்டு வகை. கப்பல் நிறுவனமே நேரடியாகக் கொடுத்தது மாஸ்டர் பி.எல். இடையில் சரக்கை ஒழுங்குசெய்து அனுப்பும் ஃபார்வர்டர் ஒருவர் இருந்து அவர் தன் பெயரில் கொடுத்தது ஹவுஸ் பி.எல். ஹவுஸ் பி.எல். எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் பக்கத்தில் போட்டால் ஒன்றும் வராது; அந்த எண் அவர்களுடைய கணினியிலேயே இல்லை. கையில் இருப்பது ஹவுஸ் என்றால் மாஸ்டர் எண்ணையும், கொள்கலனில் வருகிறது என்றால் கொள்கலன் எண்ணையும் ஃபார்வர்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். பலர் பொருளைப் பங்குபோட்டு ஏற்றிய கொள்கலனில் மாஸ்டர் எண்ணைத் தரத் தயங்குவார்கள். கொள்கலன் எண் கிடைத்தாலே போதும்.

அடுத்தது சேசிஸ் எண். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குத் தயாரான கார்களில் 17 இலக்க வின் எண் (சர்வதேச வாகன அடையாள எண்) இருக்காது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன் பின் வரிசை எண், அவ்வளவுதான். 17 இலக்கம் நிரம்பாவிட்டால் ஏற்காத தேடல் பெட்டிகள் உண்டு. கோட்டோடு போட்டால் ஏற்பவை உண்டு. கோடில்லாமல் போட்டால் மட்டும் ஏற்பவையும் உண்டு. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்த பிறகே கவலைப்படத் தொடங்கலாம். ஐரோப்பாவிலிருந்து வரும் காரென்றால் 17 இலக்கம் இருக்கும். அந்த 17இல் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிவது பூச்சியம், ஐ போலத் தெரிவது ஒன்று.

கொள்கலன் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். கொள்கலனின் பக்கத்தில் அதை மட்டும் ஒரு கட்டத்துக்குள் எழுதியிருப்பார்கள். போட்டோவில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு ஆறு இலக்கத்தை மட்டும் படித்து அனுப்புவது வழக்கமான தவறு.

கப்பலைத் தேடப் பெயர் போதாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன, பெயர்களும் மாறுகின்றன. ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய அடையாளமான ஐ.எம்.ஓ. எண் ஏழு இலக்கம், கப்பல் விற்கப்பட்டாலும் கொடி மாறினாலும் அது மாறாது. கிடைத்த எண் சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்த எவர் கிவன் கப்பலின் எண் 9811000. 63, 48, 5, 4, 0, 0 கூட்டினால் 120. கடைசி இலக்கம் 0, சரி.

வாகனக் கப்பல்களில் பெயரே நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். 'லீடர்' என்று முடிந்தால் என்.ஒய்.கே., 'ஏஸ்' என்றால் எம்.ஓ.எல்., 'ஹைவே' என்றால் கே லைன், 'மார்னிங்' என்று தொடங்கினால் யூகோர். எந்தத் தளத்துக்குப் போவது என்று தெரியாதபோது இது உதவும். ஒரு எச்சரிக்கை: என்.ஒய்.கே., எம்.ஓ.எல்., கே லைன் மூன்றும் தங்கள் கொள்கலன் தொழிலை மட்டும் ஒன்றாக்கி ஓ.என்.இ. என்ற நிறுவனத்தை அமைத்தன. 2018 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கியது. வாகனக் கப்பல்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. எனவே கொள்கலனில் வரும் காரை என்.ஒய்.கே. பக்கத்தில் தேடினால் கிடைக்காது. கப்பலில் நேரே ஓட்டி ஏற்றிய காரை ஓ.என்.இ. பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது.

கப்பல் நிறுவனத்தின் பக்கம்: அழகில்லை, ஆனால் இதுதான் ஆதாரம்

பெரிய நிறுவனங்கள் அனைத்துக்கும் இலவசத் தேடல் பக்கம் உண்டு. கொள்கலன் நிறுவனங்களின் பக்கங்கள் விவரமானவை. வெறும் பெட்டி வெளியே போனது, சரக்கோடு முனையத்துக்குள் வந்தது, கப்பலில் ஏறியது, கப்பல் புறப்பட்டது, இடைத் துறைமுகத்தில் இறங்கியது, அடுத்த கப்பலில் ஏறியது, சேரிடத்தில் இறங்கியது, வாயிலைத் தாண்டியது, வெறும் பெட்டி திரும்பியது என்று ஒவ்வொன்றும் திகதியோடு வரும். 2019இல் உருவான டி.சி.எஸ்.ஏ. என்ற கூட்டமைப்பு இந்த நிகழ்வுகளுக்குப் பொதுவான பெயர்களும் தரமும் வகுத்திருப்பதால், ஒரு நிறுவனத்தின் பக்கத்தைப் படிக்கப் பழகினால் மற்றதும் புரியும்.

ரோ-ரோ எனப்படும் வாகனக் கப்பல்களின் பக்கங்கள் இவ்வளவு பேசாது. முற்றத்தில் பெறப்பட்டது, ஏற்றப்பட்டது, புறப்பட்டது, இறக்கப்பட்டது. நான்கு வரி. இதற்கே சிலர் குறைப்படுகிறார்கள். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட வரி அந்த நான்கில் இருக்கிறது: இறக்கப்பட்ட திகதி.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது மூன்று இடங்களில் தடுக்கும். ஒன்று, நடந்ததையும் நடக்கப்போவதாகத் திட்டமிட்டதையும் ஒரே பட்டியலில் போட்டிருப்பார்கள். எழுத்தின் நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். திட்டமிட்ட திகதியை நடந்ததாக எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, "இறக்கப்பட்டது" என்ற வரி எந்தத் துறைமுகத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இறக்கப்பட்டது என்றால் பயணம் பாதியில் நிற்கிறது என்று பொருள். அடுத்த கப்பலில் இடமில்லாமல் பெட்டி ஒரு வாரம் பின்தள்ளப்படுவதை ரோல் ஆனது என்பார்கள். பக்கத்தில் அது தனி வரியாக வராது, திட்டத் திகதி மட்டும் சத்தமில்லாமல் மாறும். பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மட்டுமே மாறியது தெரியும். மூன்று, இடையில் கப்பல் மாறினால் பி.எல்.இல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் முதல் கப்பலின் பெயர். இரண்டாவது கப்பலின் பெயரை இந்தப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஜப்பானுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. வாகனக் கப்பல் ஒரே துறைமுகத்தில் நிரம்பிப் புறப்படுவதில்லை. யோகோஹாமா, நகோயா, கோபே, ஹகாடா என்று பல இடங்களில் நின்று ஏற்றும். யோகோஹாமாவில் உங்கள் கார் ஏறிய திகதியே பி.எல்.இல் ஏற்றிய திகதியாக விழும். கப்பலோ அதன் பிறகும் சில நாட்கள் ஜப்பான் கரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பி.எல். திகதியிலிருந்து பயண நாட்களைக் கணக்கிட்டால் தப்பாகும். கப்பல் ஜப்பானின் கடைசித் துறைமுகத்தைவிட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்.

வரைபடத் தளங்கள்: இலவசமாக இருக்கும்வரை நல்லது

மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் இரண்டும்தான் பலருக்கும் தெரிந்தவை. இரண்டும் காட்டுவது ஏ.ஐ.எஸ். என்ற கருவி கப்பலிலிருந்து வானலையில் அனுப்பும் தகவலை. சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எல்லாவற்றிலும் இந்தக் கருவி கட்டாயம். ஓடும்போது 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒரு முறையும் இருப்பிடத்தை அனுப்பும். அதை வாங்குவதற்குக் கரையில் ஒரு நிலையம் வேண்டும். அதன் எட்டுகை பொதுவாக 40 கடல் மைல் அளவுதான். அதற்கு அப்பால் செயற்கைக்கோள் வழியே வாங்க வேண்டும். அந்தத் தகவலைத் தளங்கள் கட்டணக் கணக்குக்குத்தான் தருகின்றன.

இலங்கைக்கு வரும் கப்பலுக்கு இது என்ன ஆகும்? ஜப்பான் கரையில் தெளிவாகத் தெரியும். தென்சீனக் கடலில் விட்டுவிட்டுத் தெரியும். சிங்கப்பூரும் மலாக்கா நீரிணையும் மிகத் தெளிவு. சுமாத்திராவின் வடமுனையில் ஆச்சேயைத் தாண்டியதும் கப்பல் மறையும். அங்கிருந்து இலங்கையின் தென்முனையான தேவேந்திர முனை வரை ஏறத்தாழ 900 கடல் மைல் திறந்த கடல். 16 நொட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 384 கடல் மைல். எனவே இரண்டு நாளுக்கு மேல் கப்பல் வரைபடத்தில் அசையாமல் கிடக்கும். "கடைசியாகக் கிடைத்த இடம், 41 மணி நேரத்துக்கு முன்" என்று வரும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டணம் கட்டச் சொல்லும் பொத்தான் சரியாக அந்த நேரத்தில்தான் திரையில் பெரிதாகத் தெரியும். கட்ட வேண்டாம். தூரத்தை வேகத்தால் வகுக்கத் தெரிந்தால் போதும்: சிங்கப்பூரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 1,570 கடல் மைல், 16 நொட்டில் நான்கு நாளுக்குச் சற்று மேல். இரண்டு நாள் இருட்டுக்குப் பிறகு தென்கரைக்கு அருகே கப்பல் தானாக மீண்டும் தோன்றும்.

ஏ.ஐ.எஸ்.இல் வேகம், இருப்பிடம், திசை மூன்றும் கருவி தானாகத் தருபவை, நம்பலாம். சேரிடம், வருகை நேரம், மிதப்பு ஆழம், நங்கூரமிட்ட நிலையா ஓடும் நிலையா என்ற குறிப்பு ஆகிய எல்லாம் கப்பலில் ஒருவர் கையால் தட்டுபவை. முந்தைய துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்து ஒரு வாரம் ஓடும் கப்பல்கள் சாதாரணம். சேரிடத்தை ஐந்தெழுத்துக் குறியீடாக எழுதுவார்கள்: கொழும்பு எல்.கே.சி.எம்.பி., சிங்கப்பூர் எஸ்.ஜி.எஸ்.ஐ.என். செங்கடல் பக்கம் போகும் கப்பல்கள் சேரிடத்தை எழுதும் இடத்தில் "ஆயுதக் காவலர் உண்டு" என்று எழுதுவதைப் பார்க்கலாம். 2023 நவம்பரில் கேலக்ஸி லீடர் என்ற வாகனக் கப்பல் அங்கே கைப்பற்றப்பட்டதிலிருந்து இது பழகிப்போன காட்சி. வருகை நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போர்ப் பகுதிகளுக்கு அருகே ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குலைப்பதால் கப்பல் தரைமேல் ஓடுவதுபோலவோ வட்டமடிப்பதுபோலவோ தெரியும். பிரித்தானியாவிலிருந்து கார் எடுப்பவர்களுக்கு இது பொருந்தும். செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பயணத்தில் 10 முதல் 14 நாள் கூடும்.

இந்தத் தளங்களின் அடிப்படைக் குறை வேறு. அவை கப்பலைக் காட்டுகின்றன, காரைக் காட்டுவதில்லை. அம்பாந்தோட்டையில் கார்களை இறக்கிவிட்டுக் கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். வரைபடத்தை மட்டும் பார்த்திருப்பவர் "என் கார் மொம்பாசாவுக்குப் போகுதே" என்று ஏஜென்டை அழைப்பார். ஏஜென்டுகள் இதைச் சிரிக்காமல் கேட்கப் பழகிவிட்டார்கள்.

சரியான உபயோகம் இவ்வளவுதான்: இலவசக் கணக்கு திறந்து, ஐ.எம்.ஓ. எண்ணால் கப்பலைத் தேடி, உங்கள் பட்டியலில் சேர்த்து, சிங்கப்பூரைத் தாண்டியதும் ஏஜென்டுக்கும் வங்கிக்கும் அழைப்பு எடுங்கள். கையில் நான்கு நாள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தளங்களில் எது மேல் என்றால், இலவச உபயோகத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கப்பல் ஒன்றில் மறைந்தால் மற்றதில் பார்க்கலாம், கரை நிலையங்கள் இரண்டுக்கும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும் தளங்கள்

ட்ராக்-ட்ரேஸ் போன்ற இலவசத் தளங்கள் கொள்கலன் எண்ணின் முதல் நான்கு எழுத்தைப் பார்த்து எந்த நிறுவனம் என்று ஊகித்து அந்த நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். உலகில் ஓடும் கொள்கலன்களில் கணிசமான பங்கு ட்ரைட்டன், டெக்ஸ்டெய்னர் போன்ற வாடகை நிறுவனங்களுக்குச் சொந்தமானது. அந்தப் பெட்டிகளின் எழுத்து வாடகை நிறுவனத்தைக் காட்டுமே தவிர, பெட்டியை ஏற்றிச் செல்லும் கப்பல் நிறுவனத்தைக் காட்டாது. அங்கே ஊகம் தோற்றுவிடும். பி.எல். எண்ணைப் போட்டு, நிறுவனத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்தால் வேலை செய்யும். அதற்கு நேராகவே அந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்விடலாம்.

சந்தா வாங்கும் தளங்கள் தகவலைத் தாங்களே திரட்டி அழகாக அடுக்கித் தருகின்றன. மாதம் ஐம்பது பெட்டி எடுக்கும் வியாபாரிக்கு நேரம் மிச்சமாகும். ஒரே ஒரு காருக்காகக் காத்திருப்பவருக்குத் தேவையில்லை. நிறுவனங்கள் தங்கள் தகவலை ஒருவருக்கொருவர் எளிதில் கொடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018இல் தொடங்கிய ட்ரேட்லென்ஸ் என்ற பெரிய முயற்சியே போதிய ஒத்துழைப்பு இல்லாமல் 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவிக்கப்பட்டது. வாகனக் கப்பல்களை இந்தப் பொதுத் தளங்களில் பல கண்டுகொள்வதே இல்லை.

தமிழ்நாட்டுக்குக் கொள்கலன் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியாவின் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் கொள்கலன் எண்ணைப் போட்டால், துறைமுகத்தைவிட்டு வெளியே வந்த பின்னும் பெட்டி எங்கே என்று தெரியும். பெட்டியில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையைத் துறைமுக வாயில், சுங்கச்சாவடி, சி.எஃப்.எஸ். (கொள்கலன் சரக்கு நிலையம்) போன்ற இடங்களில் உள்ள கருவிகள் படிக்கின்றன. 2016இல் மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கியது. கப்பல் நிறுவனத்தின் பக்கம் "வாயிலைத் தாண்டியது" என்று சொல்லி நிறுத்தும் இடத்திலிருந்து இது தொடர்கிறது. சுங்கப் பக்கத்துக்கு, இந்தியச் சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் இறக்குமதி மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) பதிவாகிவிட்டதா, உங்கள் பி.எல். அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். தூத்துக்குடிக்குப் போகும் பெட்டிகள் பல கொழும்பில் இறங்கி ஃபீடர் எனும் சிறு இணைப்புக் கப்பலில் ஏறுபவை. கொழும்புக்குள்ளேயே ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்துக்கு லொறியில் போய் ஏறுவதும் உண்டு. அந்த இடைவெளியில் பெட்டி நாட்கணக்கில் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தால் அது கொழும்பின் நெரிசல், தளத்தின் பிழையில்லை.

ஏற்றுமதியாளரின் பக்கமும் காருக்குள் வைக்கும் ட்ராக்கரும்

ஏற்றுமதியாளரின் பக்கத்தில் "ஷிப்டு" என்று வந்தால் அது அவர் முற்றத்தைவிட்டுப் போய்விட்டது என்பதாக மட்டும் இருக்கலாம். அங்கே வரும் வருகைத் திகதி கப்பல் அட்டவணையிலிருந்து ஒரு முறை எடுத்துப் போட்டது. அட்டவணை மாறினாலும் பக்கம் மாறாது. இந்தப் பக்கத்தின் மதிப்பு வேறிடத்தில்: ஏற்றும் முன் எடுத்த படங்கள், ஆய்வுச் சான்றிதழ், ஏற்றுமதிச் சான்றிதழின் பிரதி. முதல் நாளே இவற்றை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ட்ராக்கர் விஷயத்தில் ஆசைக்கும் இயற்பியலுக்கும் சண்டை. ஏர்டேக் தானாக எங்கும் பேசாது. அருகில் ஐபோன் இருந்தால்தான் அதன் வழியே இடத்தைச் சொல்லும். நடுக்கடலில் பத்துப் பன்னிரண்டு இரும்புத் தளங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் காரின் அருகே யார் நிற்கப் போகிறார்கள்? யோகோஹாமா முற்றத்தில் கடைசியாகத் தெரியும், பிறகு அம்பாந்தோட்டையில் இறக்குபவரின் போன் அருகே வந்தால் தெரியும். கொள்கலனுக்குள் இன்னும் மோசம். சிம் போட்ட ஜி.பி.எஸ். கருவிக்குக் கடலில் கோபுரம் இல்லை, இரும்புக்குள் வானமும் தெரியாது. காரின் பேட்டரியில் இணைத்திருந்தால் மூன்று வாரத்தில் பேட்டரியை இறக்கிவிட்டிருக்கும். பேட்டரி இறங்கிய காரை ஓட்டி இறக்க முடியாது, ஜம்ப் கொடுத்துத்தான் இறக்குவார்கள். அதோடு ரோ-ரோ நிறுவனங்கள் காருக்குள் உதிரிச் சக்கரம், ஜாக் போன்றவற்றைத் தவிர வேறு பொருள் வைக்கப் பொதுவாக அனுமதிப்பதில்லை. துறைமுகத்திலிருந்து வீடு வரையிலான லொறிப் பயணத்துக்கு ஏர்டேக் பயன்படும். கடலுக்கு வேண்டாம்.

உண்மையில் பின்தொடர வேண்டியது காகிதத்தை

எல்.சி. எனும் வங்கியின் பணவுறுதிக் கடிதம் திறந்து இறக்குமதி செய்பவருக்குக் கப்பலைவிட மெதுவாக வருவது ஆவணக்கட்டு. கணக்கைப் பாருங்கள். வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி.யில் வேறாகச் சொல்லாதவரை, ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஏற்றுமதியாளர் ஆவணங்களை வங்கியில் கொடுத்தால் போதும். ஜப்பான் வங்கி சரிபார்க்க ஐந்து வங்கி நாள் வரை எடுக்கலாம். பிறகு கூரியர். இங்கே வந்ததும் எல்.சி. திறந்த வங்கிக்கு இன்னொரு ஐந்து வங்கி நாள். ஜப்பானின் கடைசித் துறைமுகத்திலிருந்து நேராக வரும் கப்பலோ இரண்டு மூன்று வாரத்தில் இங்கே நிற்கும். ஏற்றுமதியாளர் விதி கொடுத்த 21 நாளையும் எடுத்துக்கொண்டால் கார் முற்றத்தில் வெயிலில் நிற்கும், மூல பி.எல். வானத்தில் பறந்துகொண்டிருக்கும். மூல பி.எல். இல்லாமல் டி.ஓ. (சரக்கை ஒப்படைக்கும் உத்தரவு) கிடைக்காது, டி.ஓ. இல்லாமல் கார் வெளியே வராது.

இதைத் தடுக்க எல்.சி. திறக்கும்போதே ஆவணம் கொடுக்கும் கெடுவை 21இலிருந்து 7 அல்லது 10 நாளாகக் குறைத்து எழுதச் சொல்லலாம். ஏற்றுமதியாளர் ஆவணம் கொடுத்த நாளன்றே கூரியர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வங்கி அனுப்பும் கட்டுக்கும் கூரியர் எண் உண்டு. இந்த ஒற்றை எண் மேலே சொன்ன எல்லாத் தளங்களையும்விடப் பெறுமதி வாய்ந்தது. கப்பல் முந்திவிடும் என்று தெரிந்தால் மூல பி.எல். வருமுன்பே காரை எடுக்க வங்கி தரும் உத்தரவாதமான ஷிப்பிங் கேரண்டியைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, டெமரேஜோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பி.எல். வரைவு மின்னஞ்சலில் வரும்போது மூன்று இடங்களை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சேசிஸ் எண், ஏற்றுமதிச் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் வங்கி முரண்பாடு என்று நிறுத்தும், சுங்கத்தில் மறுபடி நிற்கும். இறக்கும் துறைமுகம் கொழும்பா அம்பாந்தோட்டையா. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: எல்.சி. என்றால் பெறுநராக வங்கியின் பெயர் இருக்கும், அறிவிக்க வேண்டியவராக உங்கள் பெயர் இருக்கும். அந்தப் பெட்டியில் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இல்லாவிட்டால் கப்பல் முகவரின் வருகை அறிவிப்பு உங்களுக்கு வராது. இலவச நாட்கள் நீங்கள் அறியாமலே தீரும்.

கடலில் ஏதாவது நடந்தால்

தேடல் பக்கங்கள் கெட்ட செய்தியைச் சொல்வதில்லை. ஃபெலிசிட்டி ஏஸ் 2022 பெப்ரவரியில் அசோர்ஸ் அருகே தீப்பிடித்து மார்ச் 1இல் ஏறத்தாழ 4,000 கார்களோடு மூழ்கியது. மார்னிங் மைடஸ் 2025 ஜூனில் அலாஸ்காவுக்குத் தெற்கே ஏறத்தாழ 3,000 வாகனங்களோடு அதே கதிக்கு ஆளானது. வரைபடத்தில் வேகம் திடீரென்று பூச்சியமாகி, நிலை "கட்டுப்பாட்டில் இல்லை" என்று மாறினால் தளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் காப்புறுதி நிறுவனத்தை அழைக்க வேண்டும். கப்பல் தப்பித்தாலும் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் (மீட்புச் செலவைச் சரக்குக்காரரும் பங்கிடுவது) அறிவித்தால், உங்கள் கார் கீறலின்றி இருந்தாலும் மீட்புச் செலவில் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே கையில் வரும். காப்புறுதி இருந்தால் அந்த உத்தரவாதத்தை அவர்கள் கொடுப்பார்கள். காரின் விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால் காப்புறுதி சேர்ந்ததுதானே என்று இருந்துவிட வேண்டாம். சர்வதேச வணிகச் சொற்களுக்கான விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இன்படி சி.ஐ.எஃப்.இல் விற்பவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த பாதுகாப்பான 'சி' பிரிவு. ஜெனரல் ஆவரேஜ் அதில் அடங்கும்; ஏற்றி இறக்கும்போது விழும் கீறலும் நெளிவும் அடங்காது.

சாதாரணமாக வந்து சேர்ந்த காருக்கும் இது பொருந்தும். பக்கம் "இறக்கப்பட்டது" என்று காட்டிய பின் முற்றத்தில் காரைக் கண்டதும், ஏற்றும் முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, வாயிலைத் தாண்டுவதற்கு முன் சேதத்தைப் பெறுகைத் தாளில் எழுதச் செய்ய வேண்டும். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகளின்படி கண்ணுக்குத் தெரியும் சேதத்தை எடுக்கும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும், உடனே தெரியாததை மூன்று நாளுக்குள். வழக்குப் போடுவதற்கான கெடு ஒரு வருடம். வாயிலைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிய பிறகு கண்ட கீறலுக்கு எந்த நிறுவனமும் எளிதில் பொறுப்பேற்காது.